புரதக் கரைசல் நிலையாக இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் மருந்து ஆலைகளில் வேலை பார்க்கும் வாசகர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில், புரத மருந்துக் கரைசலின் நிலைத்தன்மை பற்றியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வீட்டில் இன்சுலின் வைத்திருக்கும் ஒருவரின் கேள்வியும் இருக்கிறது. அவருடைய சிக்கலும் புரதம் கெடுவதுதான். டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

கேள்வி: ஆன்டிபாடி மருந்து ஒன்றின் மாதிரியை 40 டிகிரியில் ஒரு மாதம் வைத்திருந்தோம். எஸ்.இ.சி. சோதனையில் மோனோமர் (ஒன்றோடொன்று ஒட்டாத தனி மூலக்கூறு) 99.1 சதவீதம். ஆனால் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகப் புகை படர்ந்த மாதிரி தெரிகிறது. எதை நம்புவது?
– தரக் கட்டுப்பாட்டு ஆய்வக ஊழியர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இரண்டையும் நம்புங்கள். எஸ்.இ.சி. புரதங்களை அளவு பார்த்துப் பிரிக்கிறது. பெரியவை முதலில் வரும், சிறியவை பிறகு வரும். 7.8 மில்லிமீட்டர் விட்டமும் 300 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட வழக்கமான பிரிப்புக்குழாயில் நிமிடத்துக்கு 0.5 மில்லிலிட்டர் ஓட்டினால், ஆன்டிபாடி மோனோமர் ஏறத்தாழ 17ஆவது நிமிடத்தில் இறங்கும். இரண்டு மூலக்கூறு ஒட்டிய டைமரும் அதைவிடப் பெரிய திரள்களும் அதற்கு முன்னால், உடைந்த துண்டுகள் அதற்குப் பின்னால். நீங்கள் படித்த 99.1 என்பது டிடெக்டரைத் தாண்டி வந்த புரதத்தில் மோனோமரின் பங்கு. குப்பியில் இருந்த புரதத்தில் எவ்வளவு டிடெக்டர் வரைக்கும் வந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

வழியில் காணாமல் போக இடங்கள் பல. மாதிரி கலங்கலாக இருக்கிறதே என்று அதைச் சுழற்றியோ வடிகட்டியோ மேலே தெளிந்ததை மட்டும் ஏற்றியிருந்தால், தேடியதையே வீசிவிட்டோம். அப்படிச் செய்யாவிட்டாலும் குழாயின் வாயிலில் இருக்கும் நுண்துளைத் தட்டு பெரிய துகள்களைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் புரதம் குழாயின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். 50 மி.கி./மி.லி. மாதிரியை 1 அல்லது 2 மி.கி./மி.லி.க்கு நீர்க்கும்போது, தளர்வாகச் சேர்ந்திருந்தவை பிரிந்து மறுபடி மோனோமர் ஆகிவிடும். ஓட்டும் கரைசலில் இருக்கும் உப்பும் அதற்குத் துணைபோகும்.

ஆகவே சதவீதத்தைப் படிக்கும் முன், டிடெக்டர் வரையும் சிகரங்களுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பைப் பாருங்கள். முதல் நாள் மொத்தப் பரப்பு 10,000. இன்று அதே அளவு ஏற்றியும் 9,600 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மோனோமர் 9,514 இருந்தாலும் கணினி 99.1 என்றுதான் அச்சடிக்கும். 400 எங்கே? 4 சதவீதப் புரதம் டிடெக்டருக்கே வரவில்லை. இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால் ஏற்றும் அளவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மாதிரிகளுக்கு முன்னும் பின்னும் ஒப்பீட்டுத் தரத்தை ஓட்டி, அதன் பரப்பு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நீர்த்ததற்கும் ஏற்றியதற்கும் இடைப்பட்ட நேரமும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

மொத்தப் பரப்பு குறையாமல் இருந்தும் கலங்கல் தெரியலாம். 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகள் கெட்டியான புரத உருண்டை என்றே கொண்டாலும் அதன் எடை சுமார் 0.7 நானோகிராம். ஒரு குப்பிக்கு மருந்தியல் நூல்கள் விடும் உச்ச அளவான 6,000 துகள்களும் அந்த எடையில் இருந்தால் மொத்தம் 4 மைக்ரோகிராம் சொச்சம். குப்பியில் 50 மில்லிகிராம் புரதம் இருந்தால் அது 0.01 சதவீதம்கூட இல்லை. எஸ்.இ.சி.யால் அதைக் காணவே முடியாது.

கலங்கலுக்கு வேறு கருவிகள் வேண்டும். புரதம் உறிஞ்சாத 350 நானோமீட்டரில் ஒளி மறைப்பை அளப்பது எளிது. அல்லது என்.டி.யு. எனும் கலங்கல் அலகில் படித்து, ஐரோப்பிய மருந்தியல் நூலின் 3, 6, 18, 30 என்ற நான்கு ஒப்பீட்டுக் கலவைகளோடு ஒப்பிடலாம். ஒளிச்சிதறலைக் கொண்டு துகள் அளவைக் காணும் டி.எல்.எஸ். கருவி, நானோமீட்டர் அளவில் திரள் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் எண்ணைச் சதவீதமாக மாற்றி அறிக்கையில் எழுத வேண்டாம். சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்காக ஏறுகிறது. 5 நானோமீட்டர் ஆன்டிபாடியைவிட 10 மடங்கு பெரிய ஒரு திரள் 10 லட்சம் மடங்கு ஒளிரும். இரண்டு மைக்ரானுக்கு மேலே போனால் துகள் எண்ணும் கருவியும், துகளைப் படம் பிடிக்கும் கருவியும். படம் பிடிப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. சிரிஞ்சிலிருந்து வந்த சிலிகான் எண்ணெய்த் துளி கச்சிதமான வட்டமாக இருக்கும். புரதத் துகள் கிழிந்த துணி மாதிரி ஒழுங்கற்று, ஒளி ஊடுருவும்படி இருக்கும். எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒன்றே.

கண்ணால் பார்ப்பதையும் முறைப்படி செய்யுங்கள். 2,000 முதல் 3,750 லக்ஸ் வெளிச்சம். குப்பியைக் குமிழி வராமல் மெல்லச் சுழற்றி, வெள்ளைப் பலகைக்கு முன் 5 விநாடி, கறுப்புப் பலகைக்கு முன் 5 விநாடி. நீங்கள் எழுதிய அந்தப் புகை கறுப்புப் பின்னணியில்தான் துலக்கமாகத் தெரியும். குப்பியைச் சுழற்றும்போது பட்டுநூல் போல நெளிந்து நகர்ந்தால், நார் வடிவத் துகள்கள் இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

கேள்வி: ஆன்டிபாடியைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரோட்டீன் ஏ படியிலிருந்து இறக்கிய கரைசலை அடுத்த படி தயாராகும்வரை டேங்கில் வைத்திருக்கிறோம். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று பேட்ச் ரெக்கார்டில் இருக்கிறது. ஒரு முறை 26 மணி நேரம் ஆகி, டீவியேஷன் (விதிமீறல் அறிக்கை) எழுத வேண்டியதாயிற்று. அந்த 24 எங்கிருந்து வந்தது? இரண்டு மணி நேரத்தில் புரதம் கெட்டுவிடுமா?
– உற்பத்திப் பிரிவு டெக்னீஷியன், துவாஸ்

பதில்: 24ஆவது மணியில் புரதம் கெட்டுவிடும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவரைக்கும் கெடவில்லை என்று காட்டும் தரவு கையில் இருக்கிறது. அதற்கு அப்பால் தரவு இல்லை, அல்லது மருந்துப் பதிவு விண்ணப்பத்தில் அதற்கு மேல் கோரவில்லை. ஆய்வை 36 அல்லது 48 மணி நேரம் வரை நடத்தியிருந்தால் உங்கள் 26 மணி நேரத்தை அந்தத் தரவே தாங்கும், டீவியேஷன் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதனால்தான் கேட்கப்போகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஆய்வை நீட்ட வேண்டும் என்கிறோம்.

ஆய்வை நடத்தும் விதம் இது. உற்பத்தியில் 316எல் துருப்பிடிக்கா எஃகு டேங்க் என்றால் அதே எஃகில் சிறு பாத்திரம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பை என்றால் அதே படலத்தில் செய்த 50 அல்லது 100 மில்லிலிட்டர் பை. கரைசல் உண்மையான உற்பத்திப் பேட்சிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். சிறு பாத்திரத்தில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் படும் சுவர்ப் பரப்பு பெரிய டேங்கைவிட அதிகம். சுவரில் ஒட்டுவது, உலோகம் கசிவது போன்றவற்றுக்கு இது கடுமையான சூழல், ஆகவே ஏற்கத்தக்கது. 0, 12, 24, 36, 48 மணியில் மாதிரி எடுத்து எஸ்.இ.சி., மின்னேற்ற வகைகள், கலங்கல், செறிவு, பி.எச்., மின்கடத்துதிறன் ஆகியவற்றைப் பாருங்கள். வீரியச் சோதனை முதலிலும் முடிவிலும் போதும். 2 முதல் 8 டிகிரியிலும் அறை வெப்பத்திலும் தனித்தனியாக நடத்துங்கள். குளிரில் வைத்த தரவைக் கொண்டு அறை வெப்பத்தை நியாயப்படுத்த முடியாது.

சிறு பாத்திரம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்களை நீக்கி எடுத்த அறுவடைக் கரைசலில், உடைந்த செல்களிலிருந்து வெளியேறிய தயோரெடாக்சின் போன்ற என்சைம்கள் இருக்கும். காற்றே புகாமல் மூடிய பெரிய டேங்கில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்தவுடன் அவை ஆன்டிபாடியின் சங்கிலிகளை இணைக்கும் டைசல்ஃபைடு பாலங்களை அறுக்கத் தொடங்கும். மறுநாள், புரதத் துண்டுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் ஒடுக்காத சி.இ.-எஸ்.டி.எஸ். சோதனையில் பாதி ஆன்டிபாடியும் தனி லேசான சங்கிலியும் தெரியும். இதையே ஆய்வகத்தில், மேலே காற்றிடம் நிறைந்த சிறு புட்டியில் செய்தால் ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால் ஒன்றும் நடக்காது. சுவர்ப் பரப்புக்குக் கடுமையான அதே பாத்திரம் இந்தக் கோளாறுக்கு மிக மென்மையானது! அறுவடைக் கரைசலுக்கு மட்டும் விளிம்புவரை நிரப்பி, நைட்ரஜன் செலுத்தி, ஒரு தொகுதியைத் தனியாக வையுங்கள். உற்பத்தியில் பழுது வந்தால் காற்று ஊட்டுவது, குளிர்விப்பது, காத்திருப்பைக் குறைப்பது ஆகியவையே தீர்வு.

புரோட்டீன் ஏ கரைசலுக்கு வருவோம். அடுத்து வரும் வைரஸ் செயலிழப்புப் படியில் பி.எச். 3.3 முதல் 3.8 வரை இறக்கி, சுமார் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். அங்கே நேரத்துக்குக் கீழ்வரம்பும் உண்டு, மேல்வரம்பும் உண்டு. கீழ்வரம்பு வைரஸுக்கு, மேல்வரம்பு புரதத்துக்கு. அமிலத்தில் விரிந்து கிடக்கும் ஆன்டிபாடி, நடுநிலைக்குத் திரும்பும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நடுநிலையாக்கும் அடர்ந்த டிரிஸ் கரைசலைக் கலக்கியில்லாத மூலையில் கொட்டினால் அந்த இடத்தில் பி.எச். தாவும். நடுநிலையாக்கியதும் வரும் கலங்கலைக் கண்டு உடனே பதற வேண்டாம். பெரும்பாலும் செல் புரதங்களும் டி.என்.ஏ.வும் படிவதுதான் அது. வடிகட்டிய பிறகு செறிவு குறையவில்லை என்றால் உங்கள் புரதம் பத்திரமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக 24 மணி நேரம் சரி என்று காட்டிவிட்டு, எல்லாப் படியிலும் உச்ச நேரம் வைத்த ஒரு பேட்சை யாரும் பார்க்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. ஒருமுறையாவது எல்லாவற்றையும் உச்சத்தில் கோத்துப் பாருங்கள். நுண்ணுயிர் எண்ணிக்கையைச் சிறு பாத்திரத்தில் நிரூபிக்க முடியாது. அது உங்கள் டேங்க், உங்கள் வால்வு, உங்கள் கழுவும் முறை ஆகியவற்றின் கணக்கு.

நேரம் தாண்டிவிட்டால் அந்தக் கணமே ஒரு மில்லிலிட்டர் குழாய்களில் மாதிரி பிரித்து மைனஸ் 70 டிகிரியில் உறைய வையுங்கள். கலங்கல், துகள் சோதனைக்கானதை மட்டும் உறைய வைக்காதீர்கள். உறைந்து உருகுவதே துகளை உண்டாக்கும். பிறகு எது டேங்கில் வந்தது, எது ஃபிரீசரில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: பல பஃபர்களை (பி.எச்.ஐ நிலையாக வைக்கும் கரைசல்களை) சலித்துப் பார்க்கும்போது, புரதத்தின் மடிப்பு விரியும் உருகு வெப்பநிலை எதில் அதிகமோ அதையே தேர்ந்தெடுத்தால் போதுமா?
– ஆய்வு உதவியாளர், பொங்கோல்

பதில்: போதாது. ஐ.ஜி.ஜி.1 வகை ஆன்டிபாடியில் சி.எச்.2 பகுதி 70 டிகிரி அளவிலும் சி.எச்.3 பகுதி 80 டிகிரிக்கு மேலும் விரியும். ஃபேப் பகுதி மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். இந்த எண்கள் புரதம் தன் மடிப்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்கின்றன. மடிப்புக் கலையாமலே இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்குமா, விலக்குமா என்பது வேறு விஷயம். பல ஆன்டிபாடிகளில் பி.எச்.ஐ 7லிருந்து 5.5க்கு இறக்கினால் உருகு வெப்பநிலை சற்றுக் குறையும். ஆனால் மின்னேற்றம் கூடி மூலக்கூறுகள் விலகி நிற்பதால் திரள்வதும் குறையும். உருகு வெப்பநிலையை மட்டும் பார்த்தவர் தவறான பஃபரை எடுத்திருப்பார்.

செறிவை 2 முதல் 10 மி.கி./மி.லி. வரை ஐந்தாறு படிகளாக மாற்றி டி.எல்.எஸ்.ஸில் பரவல் வேகத்தை அளந்து, கே.டி. எனும் சாய்வைக் கண்டுபிடியுங்கள். நேர்க்குறி பெரிதானால் விலக்கம். எதிர்க்குறி ஆழமானால் இழுப்பு. உருகு வெப்பநிலை, திரளத் தொடங்கும் வெப்பநிலை, கே.டி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி இடத்தில் நிற்பவற்றைக் கழித்துக்கட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். முதல் இடத்தைப் பிடித்தது யார் என்பதை 5 டிகிரியிலும் 25 டிகிரியிலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சைப்ரோ ஆரஞ்சு சாயம் போட்டு அளக்கிறீர்கள் என்றால், கரைசலில் பாலிசார்பேட் (புரதத்தைக் காக்கச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள்) இருக்கக் கூடாது. சாயம் அதன் மைசல்கள் எனும் நுண்கொத்துகளில் புகுந்து தொடக்கத்திலேயே ஒளிர்ந்துவிடும், வளைவு எழும்பாது. சாயமில்லாமல் டிரிப்டோஃபானின் 330, 350 நானோமீட்டர் ஒளியை அளக்கும் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: உறைய வைத்த மருந்துப் பொருளை உருக்கியதும் புட்டியின் மேலும் கீழும் செறிவு வேறுவேறாக வருகிறது. உறைந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும் அல்லவா?
– உற்பத்திப் பயிற்சியாளர், உட்லண்ட்ஸ்

பதில்: ஐஸ் மிட்டாயை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் போய் வெறும் பனிக்கட்டி மிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் புட்டியிலும் நடப்பது அதுதான். உறையும்போது தண்ணீர் மட்டும் சுத்தமான பனியாகிறது. புரதமும் உப்பும் சர்க்கரையும் மீந்த திரவத்துக்குள் தள்ளப்படுகின்றன. பெரிய புட்டி மெதுவாக உறைந்தால் விளிம்பில் பனியும் நடுவிலும் அடியிலும் செறிந்த கரைசலும் தங்கும். உருகும்போது அந்தக் கனத்த கரைசல் அடியில் போய் நிற்கும். மேலிருந்து ஒரு மாதிரி எடுத்து மொத்தப் புட்டியின் செறிவு என்று எழுதினால் அடுத்த படியில் கணக்கு உதைக்கும்.

உருக்கிய பின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துச் செறிவையும் மின்கடத்துதிறனையும் அளவிடுங்கள். மூன்றும் ஒத்துவரும்வரை எத்தனை முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும் என்று கண்டு, அதையே செயல்முறையில் எழுதுங்கள். வேகமாகக் குலுக்கி நுரை எழுப்ப வேண்டாம்.

பஃபர் எது என்பதும் பெரிய விஷயம். சோடியம் பாஸ்பேட்டில் டைசோடியம் உப்பு முந்திப் படிகமாவதால், பி.எச். 7இல் இருந்த கரைசல் உறையும்போது 4க்கு அருகே வரை இறங்கக்கூடும். உருகியதும் பழையபடி 7 காட்டும். இடையில் புரதம் பட்ட பாடு மீட்டரில் பதிவாகாது. ஹிஸ்டிடின் பஃபரில் இந்தச் சிக்கல் இல்லை. சுக்ரோஸ் சேர்த்த கரைசல் மைனஸ் 32 டிகிரிக்குக் கீழேதான் கண்ணாடி போல இறுகும். வெறும் மைனஸ் 20இல் வைத்தால் பனிக்கு நடுவே செறிந்த கரைசல் இன்னும் அசைந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில் திரள் சேரும். மைனஸ் 40 அல்லது 70 என்று கேட்பது அதனால்தான்.

ஆய்வில் 3 முதல் 5 தடவை உறையவைத்து உருக்கிப் பாருங்கள். 2 மில்லிலிட்டர் குழாய் நிமிடங்களில் உறையும், 10 லிட்டர் பை மணிக்கணக்கில் உறையும். ஆகவே குழாயில் தேறியது பையிலும் தேறும் என்று கொள்ள முடியாது. உருக்கும் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். மெதுவாக உருகும்போது சிறு பனிப்படிகங்கள் கரைந்து பெரியவையாக மறுபடி வளரும், அந்தப் பனிப்பரப்பில் புரதம் அடிபடும்.

கேள்வி: 40 டிகிரியில் ஒரு மாதம் தாங்கினால் 5 டிகிரியில் எத்தனை ஆண்டு தாங்கும்? எங்கள் குழுவில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறோம்.
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

பதில்: ஆளுக்கொரு விடை வருவதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பநிலையோடு வினையின் வேகம் மாறுவதைக் கணக்கிடும் அரீனியஸ் சமன்பாட்டில் வினையின் ஆற்றல் தடையை மோலுக்கு 80 கிலோஜூல் என்று போட்டால், 40 டிகிரியின் வேகம் 5 டிகிரியைப் போல 48 மடங்கு. ஒரு மாதம் நான்கு ஆண்டுக்குச் சமம். அதையே 120 என்று போடுங்கள், சுமார் 330 மடங்கு, 27 ஆண்டு! அந்த ஓர் எண்ணைச் சரியாக அளக்காமல் போடும் எந்தக் கணக்கும் நிற்காது.

அளந்தாலும் எல்லாக் கோளாறுக்கும் அது பொருந்தாது. அஸ்பராஜின் அமைடு இழப்பது போன்ற வேதிமாற்றங்கள் இந்தச் சமன்பாட்டுக்கு ஓரளவு கட்டுப்படும். திரள்வது அப்படியல்ல. 40 டிகிரியில் கொஞ்சம் விரிந்த மூலக்கூறுகள் ஒட்டுகின்றன, 5 டிகிரியில் விரியாத மூலக்கூறுகள் வேறு வழியில் ஒட்டுகின்றன. ஒன்றின் வேகத்திலிருந்து மற்றொன்றைக் கணிக்க வழியில்லை. சில புரதங்கள் குளிரில்தான் கலங்கும்.

மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு உயிரியல் மருந்துகளுக்கு வகுத்த கியூ5சி நெறிமுறை, காலாவதித் தேதியை உண்மையான வெப்பநிலையில், உண்மையான காலத்தில் திரட்டிய தரவைக் கொண்டே வைக்கச் சொல்கிறது. குறைந்தது மூன்று பேட்ச். ஓராண்டுக்கு மேல் கோருவதானால் முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் ஐ.சி.எச். உறுப்பினர். 25, 40 டிகிரிச் சோதனைகள் வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வழியில் கெடும் என்பதை அவை சீக்கிரம் காட்டும். நம் சோதனை முறை அந்தக் கெடுதலைப் பிடிக்கிறதா என்பதையும் காட்டும். சரக்கு விமான நிலையத்தில் சில மணி நேரம் குளிரில்லாமல் கிடந்தால் ஏற்கலாமா என்று முடிவெடுக்கவும் உதவும்.

கேள்வி: 18 மாதம் வரை சுத்தமாக இருந்த குப்பிகளில் திடீரென்று துகள். எஸ்.இ.சி., மின்னேற்றம் எதிலும் மாற்றமில்லை. புரதம் இல்லையென்றால் வேறு என்ன?
– தர உறுதிப் பிரிவு, புக்கிட் பாத்தோக்

பதில்: முதலில் பாலிசார்பேட்டைச் சந்தேகியுங்கள். புரதத்தைக் காக்கச் சேர்க்கும் அந்த 0.01 முதல் 0.05 சதவீதப் பொருளும் கெடும். செல்லிலிருந்து வந்த லிபேஸ் போன்ற என்சைம்கள் பில்லியனில் சில பங்கு மிஞ்சியிருந்தாலும், இரண்டு ஆண்டு நேரம் கிடைத்தால் பாலிசார்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கொழுப்பு அமிலத்தை விடுவிக்கும். குளிரில் அது கரையாது. அளவு ஒரு வரம்பைத் தாண்டும்வரை குப்பி தெளிவாக இருக்கும், தாண்டியதும் துகள் கொட்டும். அதனால்தான் திடீரென்று வந்த மாதிரி தோன்றுகிறது.

ஒரு குப்பியை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். துகள் குறைந்தாலோ கரைந்தாலோ கொழுப்பு அமிலத்தின் பக்கம் சந்தேகம் வலுக்கும். பிறகு வடிகட்டித் தட்டில் துகளைப் பிடித்து அகச்சிவப்பு அல்லது ராமன் நுண்ணோக்கியில் பார்த்தால் புரதமா, கொழுப்பு அமிலமா, சிலிகானா என்பது தெரிந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் எழுதாதீர்கள். கொழுப்பு அமிலம்தான் என்று உறுதியானால் வேலை சுத்திகரிப்புப் படிகளில் இருக்கிறது: அந்த என்சைமை எந்தப் படி கழிக்கிறது, எந்தக் கழுவல் பஃபர் அதை இன்னும் நன்றாகக் கழிக்கும் என்று தேட வேண்டும். இறுதிக் கலவையில் பாலிசார்பேட்டைக் கூட்டிப் போடுவது, வெட்டுவதற்கு இன்னும் தீனி போடுவதாகத்தான் முடியும்.

கேள்வி: குளிர் அறையிலிருந்து எடுத்த குப்பிகள் ஆய்வக மேசையில் வைத்ததும் வியர்க்கின்றன. இது சோதனையைப் பாதிக்குமா?
– ஆய்வக ஊழியர், செங்காங்

பதில்: பாதிக்கும். 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பனிநிலை ஏறத்தாழ 14 டிகிரி. 5 டிகிரிக் குப்பி வியர்க்காமல் இருக்காது. மூடியைத் திறந்தால் கழுத்தில் நிற்கும் நீர் உள்ளே விழும். குளிர்ந்த கரைசலை ஊற்றிய குவெட்டின் (ஒளியால் அளக்கும் சிறு பாத்திரத்தின்) வெளிச்சுவரில் படியும் பனி, கலங்கலாகவே அளவில் ஏறும். 2 மில்லிலிட்டர் குப்பி என்றால் மூடியபடியே அரை மணி நேரம் வைத்து, நார் உதிராத துணியால் துடைத்த பிறகு திறவுங்கள். வெளியே இருந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: என் அம்மாவின் இன்சுலின் பேனா இரண்டு நாள் மேசை மேலேயே இருந்துவிட்டது. வீசிவிட வேண்டுமா?
– இல்லத்தரசி, தோ பாயோ

பதில்: முதலில் பேனா வந்த பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். பயன்படுத்தத் தொடங்கிய பேனாக்கள் பலவற்றை 30 டிகிரிக்கு மிகாமல் 28 நாள் வரை வெளியே வைக்கலாம். சில வகைகளுக்கு வெப்பமும் நாளும் வேறு. மேசை ஜன்னலோரம் வெயில் படும் இடமா என்பதையும் பாருங்கள். நம் ஊரில் பிற்பகல் 32 டிகிரி சாதாரணம்.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கண்ணாடிச் சுவரில் வெண்மையாகப் பனிபூத்த மாதிரி ஒட்டியிருந்தாலோ பயன்படுத்தாதீர்கள். சூட்டிலும் குலுக்கலிலும், காற்று படும் பரப்பில் இன்சுலின் மடிப்புக் கலைந்து நார்களாகச் சேர்ந்திருக்கலாம். அந்த நார்கள் வேலை செய்யாது, கலைத்தாலும் திரும்பாது. என்.பி.எச். வகை இயல்பாகவே பால் போல இருக்கும். அதை மெல்ல உருட்டிக் கலந்த பிறகும் கட்டிகள் மிதந்தால் அதுவும் கெட்டதே. ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோனதை, உருகித் தெளிவானாலும் போடக் கூடாது. ஊசி முனையைப் பேனாவிலேயே விட்டுவைக்க வேண்டாம், காற்று உள்ளே போகும். சந்தேகம் தீரவில்லை என்றால் புதிய பேனாவைப் பயன்படுத்திக்கொண்டு, பழையதை மருந்தகரிடம் காட்டுங்கள்.

கேள்வி: குப்பியைக் குலுக்கியில் நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் இரண்டு நாள் வைத்தோம், பால் மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கலவையைக் கைவிடலாமா?
– கலவை ஆய்வாளர், ஈசூன்

பதில்: அவசரப்படாதீர்கள். அதே கரைசலை இன்னொரு குப்பியில் காற்றிடமே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி அதே குலுக்கியில் வையுங்கள். அது தெளிவாக இருந்தால் உங்கள் புரதத்தைக் கெடுத்தது வேகம் அல்ல. காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் கிழிந்து புதுப்பிக்கப்பட்டதுதான். 0, 0.005, 0.01, 0.02, 0.04 சதவீதம் என்று பாலிசார்பேட் போட்டு மறுபடி குலுக்குங்கள். எந்த அளவில் கலங்கல் நிற்கிறதோ, அதற்கு மேல் ஒரு படியைத் தேர்ந்தெடுங்கள். பயன்பாட்டுக் காலத்தில் கொஞ்சம் கெட்டுப் போவதற்கும் இடம் வேண்டுமே. விளிம்புவரை நிரப்பியதும் கலங்கினால் ரப்பர் மூடியையும் கண்ணாடியையும் ஆராய வேண்டும்.

குப்பியை நிற்க வைத்துக் குலுக்கினீர்களா, படுக்க வைத்தா என்று அறிக்கையில் எழுதுங்கள். படுத்த குப்பியில் காற்றுப் பரப்பு பல மடங்கு. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் முடிவு தாறுமாறாகும். ஆலையின் நிரப்பும் பம்பையும் தனியாகச் சோதியுங்கள். பிஸ்டன் பம்பின் இடுக்கில் அரைபட்டு வரும் துகளைக் குலுக்கி ஒருபோதும் காட்டாது. 200 மில்லிலிட்டர் கரைசலைப் பம்பில் மறுசுழற்சியாக விட்டு, 10, 50, 100 சுற்றுக்குப் பின் துகளை எண்ணினால் போதும்.